இணையவழிச் சேமிப்புக் கணக்கு: காசு போடுவதிலிருந்து திரும்பக் கைக்கு வரும் வரை

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டில், மேல்தளத்து அக்கா ஒருவர் சீட்டு நடத்துகிறார். இருபது பேர், மாதம் பத்தாயிரம். என் முறை வந்தபோது இரண்டு இலட்சம் ரூபா ஒரேயடியாகக் கைக்கு வந்தது. "செட்டியார் தெருவுக்குப் போய் ஏதாவது பொன்னாக வாங்கி வை" என்றார் அம்மா. நானோ பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிற ஆள். காசைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. விளம்பரத்தில் பார்த்த ஒரு சேமிப்பு முதலீட்டுச் செயலியைப் போனில் இறக்கி, இருபது நிமிடத்தில் கணக்குத் திறந்து, முழுத் தொகையையும் அன்றிரவே போட்டுவிட்டேன்.

"உந்தக் காசுக்குப் புத்தகம் தரேல்லையோ?" என்று அம்மா கேட்டார். போனைக் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

நான்கு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு வேறு வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் திங்கட்கிழமை அட்வான்ஸ் கேட்டார். அதற்கு முந்தைய புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குச் செயலியில் "மீளப் பெறு" என்ற பொத்தானை அழுத்தினேன். காசு கைக்கு வந்தது அடுத்த வாரம் வியாழக்கிழமை. இடையில் கடை முதலாளியிடம் கைமாற்று வாங்கி அட்வான்ஸ் கட்டினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. அது உரிமம் உள்ள நிறுவனம்தான், காசும் சதம் குறையாமல் வந்தது. தாமதம் ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணமும் நான் முதல் நாளே சரிபார்த்திருக்கக்கூடியது. அதனால்தான் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி காசை வெளியே எடுப்பது பற்றியே இருக்கும். உள்ளே போடுவதற்கு யாருடைய உதவியும் தேவைப்படாது.

முதலில்: இது எந்த வகைக் கணக்கு?

செயலியின் முகப்பில் "சேமிப்பு" என்று எழுதியிருந்தால் அது வங்கிச் சேமிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் போன் வழியாக உங்கள் காசு போகக்கூடிய இடங்கள் முக்கியமாக நான்கு.

ஒன்று, வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைப்பு. இவற்றுக்கு உரிமம் தருவது இலங்கை மத்திய வங்கி. உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. இந்த வைப்புகளுக்கு வைப்புக் காப்புறுதி உண்டு. நிறுவனம் விழுந்தால் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். 2021க்கு முன் இந்த எல்லை 6 இலட்சமாக இருந்தது. ஒரே வங்கியில் மூன்று கணக்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு எல்லை ஒன்றுதான்.

இரண்டு, யூனிட் ட்ரஸ்ட் எனப்படும் அலகு நம்பிக்கை நிதியம். இலங்கையில் 1991 முதல் இருக்கிறது. பலருடைய காசைச் சேர்த்து திறைசேரி உண்டியல் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன்பத்திரம்), வங்கி வைப்பு, பங்கு என்று முதலிட்டு, உங்களுக்கு அலகுகள் தருவார்கள். முகாமை செய்யும் கம்பனி ஒன்று, சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் வங்கி வேறொன்று. மேற்பார்வை இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. போனில் "சேமியுங்கள், நாளாந்தம் வளரும்" என்று சொல்லும் சேவைகள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்த வகையின், குறுங்கால உண்டியலிலும் வைப்பிலும் முதலிடும் பணச்சந்தை நிதியம்தான். என்னுடையதும் அதுவே. இதற்கு வைப்புக் காப்புறுதி கிடையாது. ஆபத்தானது என்று சொல்ல வரவில்லை, வேறு வகையானது. இதில் கிடைப்பதை வட்டி என்றும் சொல்லக்கூடாது. அலகின் விலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

மூன்று, அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்களும் முறிகளும் (நீண்டகாலக் கடன்பத்திரங்கள்). உண்டியல் 91, 182, 364 நாட்களுக்கு வருகிறது. கழிவு விலையில் வாங்கி, முதிர்வில் முகப்பெறுமதியைப் பெறுவீர்கள். 364 நாள் உண்டியல் ஒன்றில் ஒரு இலட்சம் ரூபாவை ஏறத்தாழ 92,600 ரூபாவுக்கு வாங்கினால் வருமானம் 8 வீதத்துக்குக் கிட்ட. இதை வங்கியோ, அரசாங்கக் கடன்பத்திரங்களை வாங்கி விற்க அனுமதி பெற்ற முதனிலை வணிகரோ உங்களுக்காக வாங்கித் தருவார். வாங்கியது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் லங்காசெக்யூர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். வணிகர் தரும் தாளோடு நின்றுவிடாமல், பதிவேட்டில் ஏறியதற்கான உறுதிப்பாட்டையும் கேளுங்கள்.

நான்கு, பங்குகள். கொழும்புப் பங்குச் சந்தையின் செயலி 2020இல் வந்த பிறகு, பங்கு வைக்கும் மத்திய வைப்புக் கணக்கைப் போனிலேயே திறக்கலாம். ஆனால் வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது 1.12 வீதம் என்று கட்டணம் போகும். இன்று வாங்கி நாளை அதே விலைக்கு விற்றால் உங்கள் கையில் இரண்டு வீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். சீட்டுக் காசை வைக்கும் இடம் அதுவல்ல என்பது என் எண்ணம், இங்கே அதை மேற்கொண்டு பேசவில்லை.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்றை யாராவது காட்டினால், அதாவது "டாலரில் போடுங்கள், நாளுக்கு ஒரு வீதம்", "மூன்று பேரைச் சேர்த்தால் போனஸ்" என்றால், வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு நினைவுக்கு வரட்டும். பிரமிட் திட்டம், அதாவது புதிதாகச் சேர்பவரின் காசில் முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுப்பது, இலங்கையில் குற்றம். அப்படி நடத்தியதாகக் கண்டறிந்தவர்களின் பெயர்களை மத்திய வங்கி அவ்வப்போது வெளியிடுகிறது. ஆனால் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் ஆள் நல்லவர் என்று ஆகாது. புதிதாக வந்தவரின் பெயர் அங்கே எப்படி இருக்கும்? பார்க்க வேண்டியது உரிமம் பெற்றோரின் பட்டியலை.

அப்புறம் ஒரு சின்ன வேலை. செயலியின் பெயரும் உரிமம் பெற்ற கம்பனியின் பெயரும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். செயலிக்கு ஒரு கவர்ச்சியான பெயர், கம்பனிக்கு நீளமான பதிவுப் பெயர். விதிமுறைப் பக்கத்தின் அடியில் போய்ப் பதிவுப் பெயரை எடுத்து, அதைப் பட்டியலில் தேடுங்கள். செயலியைக் கம்பனியின் இணையதளத்தில் உள்ள இணைப்பு வழியாகவே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கோப்பிலிருந்து வேண்டாம். உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், சேமிப்புக்கு அது எதற்கு என்று யோசியுங்கள்.

பெயர், அடையாள அட்டை, விலாசம்

எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழரின் பெயர் எந்தப் படிவத்திலும் ஒழுங்காக உட்காராது. அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால். படிவமோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஒரு இடத்தில் முழுப்பெயர் எழுதியிருப்போம், இன்னொரு இடத்தில் தலைப்பெழுத்து. வங்கியில் பத்து வருடத்துக்கு முன் கணக்குத் திறந்தபோது எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒற்றெழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். நாம் அதைக் கவனித்தே இருக்க மாட்டோம்.

பழைய லமினேட் அடையாள அட்டையில் ஆங்கில எழுத்தே இல்லை. அப்போது உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டலைச் செயலி எங்கிருந்து எடுக்கிறது? நீங்கள் தட்டுவதிலிருந்துதான். ஆகவே தட்டுவதற்கு முன் வங்கிக் கணக்கு அறிக்கை, கடவுச்சீட்டு, சம்பளச் சீட்டு மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எழுத்துக் கூட்டல் வங்கிக் கணக்கில் இருக்கிறதோ அதையே செயலியிலும் போடுங்கள். வங்கியில் உள்ளது பிழை என்றால், முதலில் வங்கிக்குப் போய் அதைத் திருத்திவிட்டுப் பிறகு செயலிக்கு வாருங்கள். கிளைக்குப் போய் ஒரு படிவம் நிரப்பும் வேலைதான், அரைநாள் போகும். பின்னால் காசு சிக்கிக்கிடக்கும்போது இதே வேலையைச் செய்வது வேறு மாதிரி அனுபவம். நம்புங்கள்.

அடையாள அட்டை இலக்கத்திலும் இதே கதை. பழையது ஒன்பது இலக்கமும் வி எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். பழைய அட்டை உள்ளவருக்கும் அதற்குரிய பன்னிரண்டு இலக்க வடிவம் உண்டு, முன்னால் 19, இடையில் ஒரு பூச்சியம் சேரும். வங்கியில் பழைய வடிவமும் செயலியில் புதிய வடிவமும் கொடுத்தால் சில கணனிகள் உங்களை இரண்டு ஆட்களாக எடுத்துக்கொள்ளும். எங்கும் ஒரே வடிவம் கொடுங்கள்.

விலாசத்துக்கு லைட் பில் கேட்பார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருக்கும் எங்களில் எத்தனை பேரின் பெயரில் லைட் பில் வருகிறது? அது வீட்டுக்காரர் பெயரில், சில வேளை அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் வரும். பல நிறுவனங்கள் விலாசம் அச்சிட்ட வங்கி அறிக்கையை ஏற்கின்றன. அதையும் ஏற்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். வெள்ளவத்தைக்காரருக்கு அது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தர் எந்தக் கிழமையில் அலுவலகத்தில் இருப்பார் என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

முகத்தைப் படம் எடுத்து, கண் சிமிட்டச் சொல்லி, தலையைத் திருப்பச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். பின்னர் அம்மாவுக்கும் ஒரு கணக்குத் திறந்தபோது, அவர் திருநீற்றைத் துடைக்கச் சொல்லுமோ என்று பயந்தார். சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைத்தான் கழற்றச் சொன்னது.

கூட்டுக் கணக்கு

நான் விழுந்த குழி இது. என் சம்பளம் போவது அம்மாவும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குக்கு. அதில் அம்மாவின் பெயர் முதலில். அந்தக் கணக்கிலிருந்து இரண்டு இலட்சத்தை அனுப்பினேன், செயலி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. திருப்பி எடுக்கும்போது, "இது மூன்றாம் ஆளின் கணக்கு, அனுப்ப முடியாது" என்றார்கள். அறிக்கையில் முதல் வரியில் இருப்பது அம்மாவின் பெயர் அல்லவா.

இதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதலீட்டாளரின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கே காசைத் திருப்புவது கறுப்புப் பணத்தைத் தடுக்கும் விதிகளோடு சேர்ந்தது, களவு போவதையும் தடுக்கிறது. ஆனால் வாங்கும்போது கேட்காத கேள்வியைத் தரும்போது கேட்பது எரிச்சல். எனவே கணக்குத் திறக்கும் அன்றே எழுத்தில் கேளுங்கள்: "காசை மீளப் பெறும் வங்கிக் கணக்கு தனிப்பெயரில் இருக்க வேண்டுமா? கூட்டுக் கணக்கை ஏற்பீர்களா? ஏற்பதென்றால் என்ன ஆவணம்?" தனிப்பெயரில் கணக்கு இல்லாவிட்டால் முதலில் ஒன்று திறந்துவிடுங்கள்.

காசு போடுதல்: சிறிதாக

நிதியங்கள் சில ஆயிரம் ரூபாவிலிருந்தே ஏற்கின்றன. முதலில் ஐயாயிரம் போடுங்கள். அனுப்புவதற்கு முன், எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். யூனிட் ட்ரஸ்ட் என்றால் அது நிதியத்தின் பெயரிலோ பொறுப்பாளர் வங்கியில் அந்த நிதியத்துக்கான கணக்கின் பெயரிலோ இருக்க வேண்டும். ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "எங்கள் ஏஜெண்ட், கணக்கு அவர் பெயரில்தான்" என்பதை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் உங்கள் வாடிக்கையாளர் இலக்கத்தைத் தவறாமல் எழுதுங்கள். வங்கிகளுக்கிடையிலான செஃப்ட்ஸ் மாற்றம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஆனால் குறிப்பு இல்லாத காசு அங்கே அநாதையாகக் கிடக்கும். அனுப்பிய திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

போட்ட உடனே அலகு கிடைக்காது. ஒவ்வொரு நிதியத்துக்கும் ஒரு நாளாந்த முடிவு நேரம் உண்டு. அதற்குப் பின் வரும் காசு அடுத்த வேலை நாளின் கணக்கில் சேரும். வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டுவிட்டுச் சனிக்கிழமை காலை "என் காசு எங்கே" என்று நான் பதறியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எடுத்துப் பார்த்தல்

ஐயாயிரம் சேர்ந்ததும் ஒரு வாரம் விட்டு, அதில் மூவாயிரத்தை எடுங்கள். தேவை இருக்கிறதோ இல்லையோ எடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பொத்தானை அழுத்தினீர்கள், எப்போது எஸ்எம்எஸ் வந்தது, எப்போது காசு வங்கியில் விழுந்தது என்று கொப்பியில் எழுதுங்கள். பெயர்ச் சிக்கல், கூட்டுக் கணக்குச் சிக்கல், கையொப்பம் பொருந்தாத சிக்கல் எல்லாம் இந்த மூவாயிரத்திலேயே வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பெரிய தொகை.

என் புதன்கிழமைக்கு என்ன நடந்தது என்று பிரித்துப் பாருங்கள். நான்கு மணிக்கு அழுத்தினேன். முடிவு நேரம் தாண்டியதால் அது வியாழக்கிழமைக் கோரிக்கை ஆனது. வெள்ளி போயா, முழுமதி விடுமுறை. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் அதிகாரி ஒருவர் கோரிக்கையைத் திறந்து, கணக்கில் வேறு பெயர் என்று நிறுத்தி, மின்னஞ்சல் போட்டார். அது குப்பை அஞ்சலுக்குள் விழுந்தது. பின்னேரம் நானே அழைத்துத்தான் தெரிந்துகொண்டேன். செவ்வாய் கடையில் அரைநாள் லீவு போட்டு, காலி வீதியில் ஒரு கிளைக்குப் போய்த் தனிப்பெயரில் கணக்குத் திறந்து, அதன் முதல் அறிக்கையை அனுப்பினேன். புதன் சரிபார்ப்பு. வியாழன் காசு.

இதில் பாதி நாட்கள் நாட்காட்டியின் வேலை. நம் நாட்டில் மாதத்துக்கு ஒரு போயா, அதற்கு மேல் தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், ஹஜ், தீபாவளி. அழுத்துவதற்கு முன் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். "ஒரு வேலை நாளில் காசு" என்று விளம்பரம் சொல்வதில் பொய் இல்லை, சித்திரையில் அந்த ஒரு வேலை நாள் ஐந்தாம் நாள் வரலாம் என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

2023 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் ஐந்து நாள் மூடியிருந்தது பலருக்கு நினைவிருக்கும். ஹஜ் பெருநாள், உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக அறிவித்த விசேட வங்கி விடுமுறை, சனி ஞாயிறு, போயா என்று வரிசையாக வந்தது. அதனால் ஒரு மாதச் செலவுக்கான காசை ஏடிஎம் அட்டையால் எடுக்கக்கூடிய சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வைக்கிறேன். அங்கே கிடைக்கும் வட்டி கொஞ்சம். இருக்கட்டும்.

திரையில் தெரியும் எண்

என் அறிக்கையை வைத்து ஒரு கணக்குக் காட்டுகிறேன், எண்கள் புரிவதற்காக உருட்டிச் சொல்பவை. 50,000 ரூபா, அலகு விலை 25.40 என்றால் 1,968.50 அலகு கிடைக்கும். பன்னிரண்டு நாளில் விலை 25.46 ஆனால் பெறுமதி 50,118 ரூபா. பன்னிரண்டு நாளைக்கு 118 ரூபா, ஆண்டுக் கணக்கில் 7.2 வீதத்துக்குக் கிட்ட. இதை நீங்களே கல்குலேட்டரில் தட்டிப் பார்க்கலாம், செயலி சொல்லும் வரைபடத்தை நம்பியிருக்கத் தேவையில்லை. முகாமைக் கட்டணம் அலகு விலைக்குள்ளேயே கழிந்திருக்கும், தனியாகத் தெரியாது. அது எத்தனை வீதம் என்பது நிதியத்தின் விளக்க ஆவணத்தில் இருக்கும். உள்ளே வரும்போதோ வெளியே போகும்போதோ வேறு கட்டணம் உண்டா என்றும் அங்கேயே பாருங்கள். வாங்கும் விலையும் மீட்கும் விலையும் வேறு வேறாக இருந்தால் அந்த இடைவெளியும் கட்டணம்தான்.

செயலி பெரிய எழுத்தில் காட்டுவது பெரும்பாலும் கடந்த பன்னிரண்டு மாத வருமானம். வட்டி வீதம் இறங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் அது உங்களுக்குக் கிடைக்கப் போவதை விட அழகாகத் தெரியும். 2022 இறுதியில் 91 நாள் திறைசேரி உண்டியல் 30 வீதத்தைத் தாண்டி நின்றது, நிலையான வைப்புக்கு 25 வீதத்துக்கு மேல் கொடுத்தார்கள். அந்த மாதங்களின் நிழல் 2023இன் வரைபடங்களில் நீண்ட நாள் கிடந்தது. கடந்த முப்பது நாள் வருமானத்தைத் தேடிப் பாருங்கள். அந்த 25 வீதத்தைப் பார்த்து இப்போது ஏங்குபவர்களுக்கு இன்னொன்று: 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். அரிசி, பருப்பு வாங்கியவர்களுக்கு அது எண்ணாக நினைவில்லை, கடை பில்லாக நினைவிருக்கும்.

வரி

வங்கி வட்டியில் முன்கூட்டியே பிடிக்கும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம், அதற்கு முன் 5. ஒரு இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் ஆண்டுக்கு 8,000, வரி 800, கையில் 7,200. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் சுய பிரகடனம் கொடுத்தால் இதைப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் டின் இலக்கம் (வரி செலுத்துபவரின் அடையாள இலக்கம்) வேண்டும், ஆன்லைனில் எடுக்கலாம். ஓய்வூதியக்காரர் வீட்டில் இருந்தால் இன்றே இதைச் செய்து கொடுங்கள். வயதானவர்கள் பலர் திரும்பக் கிடைக்கக்கூடிய காசைக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள்.

யூனிட் ட்ரஸ்ட்டில் வரி பார்க்கப்படும் விதம் வேறு. ஆண்டு முடிவில் வரிக்கான அறிக்கையை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் எதையாவது விற்க வருபவர் "நிகர வருமானம்" என்று சொன்னால், எதை எதைக் கழித்த பின் நிகரம் என்று கேளுங்கள். கட்டணம் கழித்த பின்னா, வரியும் கழித்த பின்னா?

போன் தொலைந்தால்

ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம், வருவது உங்கள் சிம்முக்கு. சிம் இன்னொருவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் என் நம்பர் காலஞ்சென்ற மாமாவின் பெயரில் பத்து வருடம் ஓடியது. போன் தொலைந்தால் அந்த நம்பரை மீட்க அவர்தான் வர வேண்டும். சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், சிம்முக்கே ஒரு இரகசிய இலக்கம் போடுங்கள். செயலிக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொல்.

ஓடிபியை நிறுவனத்து ஊழியர் எவரும் கேட்க மாட்டார். இதைச் சொன்னால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ஆனால் "அண்ணை, உங்கட கணக்கு முடங்கப் போகுது" என்று நல்ல தமிழில் ஒருவர் பேசினால் கை தானாகச் சொல்லிவிடுகிறது. எங்கள் கடையில் பார்சல் கட்டும் தம்பிக்கு நடந்தது. தமிழில் பேசினான் என்பதே அவன் நம்பியதற்குக் காரணம்.

முறைப்பாடு

முதலில் நிறுவனத்துக்கே எழுதுங்கள், தொலைபேசியில் மட்டும் பேசி விடாதீர்கள். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொல்வார்கள், அழுத்தினால் பத்து நிமிடம் பாட்டுக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் ஒருவர் வருவார். அவரிடம் பேசுங்கள், தவறில்லை. பேசி முடித்ததும் "இன்று இத்தனை மணிக்கு உங்கள் உத்தியோகத்தரிடம் இதைச் சொன்னேன், இந்தத் திகதிக்குள் செய்வதாகச் சொன்னார்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எனக்கு வேலை நகர்ந்தது அந்த மின்னஞ்சலுக்குப் பிறகே. அதில் கோரிக்கை இலக்கம், திகதி, தொகை மூன்றும் இருக்கட்டும். கோபத்தை வேறெங்காவது வையுங்கள்.

பதில் வராவிட்டால், வங்கியும் நிதிக் கம்பனியும் என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவு, இலக்கம் 1935. தமிழிலும் எழுதலாம். யூனிட் ட்ரஸ்ட், பங்குத் தரகர் என்றால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. காசு களவு போயிருந்தால் முதல் வேலை உங்கள் வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்துவது, பிறகு பொலிஸ்.

பின்னுரித்தாளர்

கணக்குத் திறக்கும்போது "பின்னர் நிரப்புக" என்று தாண்டிப் போகக்கூடிய ஒரு பக்கம் வரும். பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பின் காசைப் பெறுபவர், அவரின் விவரம். எல்லோரும் தாண்டுவோம், நானும் தாண்டினேன். வங்கிப் புத்தகம் அலுமாரியில் இருந்தால் வீட்டார் என்றாவது கண்டெடுப்பார்கள். போனுக்குள் இருக்கும் கணக்கு இருப்பதே யாருக்கும் தெரியாது. பின்னுரித்தாளரின் முழுப்பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போடுங்கள். அந்தச் சேவை பின்னுரித்தாளரை ஏற்காவிட்டால், கணக்கு வைத்திருப்பவர் இறந்த பின் என்ன ஆவணம் கேட்பார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கையைக் கடைப் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு போகிறேன். மேல் மூலையில் கம்பனியின் பதிவுப் பெயர், என் வாடிக்கையாளர் இலக்கம், அழைக்க வேண்டிய நம்பர் ஆகியவற்றைத் தமிழில் பேனையால் எழுதிவிடுவேன். அம்மா அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரியில் தொகையைத் தேடிப் பார்த்துவிட்டு, பழைய வங்கிப் புத்தகத்துக்குள் மடித்து வைக்கிறார். போன முறை, "போன தரத்தை விட நூற்றி ஐம்பது குறைவாக் கூடியிருக்கு, ஏன்?" என்று கேட்டார். வட்டி வீதம் இறங்கியதைச் சொன்னேன். "அப்ப சீட்டை நிப்பாட்டாத" என்றார். நிறுத்தவில்லை. அடுத்த முறை எனக்கு ஆவணியில்.